கண் திறக்கும் வேலை

செத்தவர்களின் கண்ணைத் திறந்து வைப்பதுதான் கல்லூரி நாட்களில் எனக்குப் பிழைப்பு. கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். செய்வதற்குச் சலிப்பான வேலை. டோல்கேட் பக்கம், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஒரு ஃப்ரேம் கடை இருந்தது. சாமி படத்துக்குக் கண்ணாடி போடுவார்கள், கல்யாண போட்டோவுக்குச் சட்டம் அடிப்பார்கள், இறந்துபோனவர்களின் முகத்தைப் பெரிதாக வரைந்து மாட்டிக் கொடுப்பார்கள். வரைகிறவள் நான். பகலில் ஓவியக் கல்லூரியில் இல்லஸ்ட்ரேஷன் படிப்பு, சாயங்காலம் இது.

போட்டோ இருக்கிற வீடு என்றால் பிரச்சினையே இல்லை. கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கரிப்பொடியைத் தூரிகையில் தொட்டு நிழல் ஏற்றினால் முடிந்தது. ஆனால் போட்டோ இல்லாத வீடுகள்தான் அதிகம். தொண்ணூறுகளின் கடைசி அது. தினக்கூலிக்குப் போகிற மனுஷன் எதற்காக ஸ்டூடியோவுக்குப் போய் உட்காரப் போகிறான்? வோட்டர் கார்டு வந்திருந்தது, ஆனால் அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்கறைதான் இருக்கும். ஆகையால் ஆள் செத்த பிறகுதான் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தி, மாலை போட்டு, சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம். அழுது வீங்கிய அத்தனை முகங்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் நிம்மதியாக இருப்பார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள்.

தாடையைச் சுற்றிக் கட்டிய துணியை நான் எடுக்க வேண்டும். மூக்கிலிருந்து பஞ்சை எடுக்க வேண்டும். நெற்றியில் ஒட்டிய காசை எடுத்துவிட்டு அங்கே தோல் வரைய வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கடைக்காரர் இதற்கு மேலும் சிலவற்றைத் தன் சொந்த விருப்பத்தில் சேர்ப்பார். மூட்டை தூக்கினவருக்குக் கோட்டும் டையும், பிளாட்பாரத்தில் பழம் விற்ற அம்மாவுக்கு மூன்று வடம் சங்கிலி. நான் முறைத்தால் சிரிப்பார்.

"உயிரோட கீறப்போ போட்டுக்கல. இப்பனா போட்டுக்கட்டுமே பாப்பா, நமக்கு இன்னா பேஜாரு?"

கண்ணுக்கு ஒரு வழக்கம் இருந்தது. "யார் ஜாடை?" என்று நான் கேட்பேன். உடனே கடை வாசலிலேயே பஞ்சாயத்து கூடிவிடும். தம்பி ஜாடை என்பாள் மனைவி, மூத்த மகன்தான் அச்சு அசல் என்பாள் அக்கா, யாருமே இல்லை, அவர் அவங்க அம்மா மாதிரி என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் யாராவது ஒருவரை ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். நான் அவர் கண்ணைப் பார்த்து வரைந்து செத்தவர் முகத்தில் பொருத்துவேன். தன் கண்ணைக் கடன் கொடுக்க உட்கார்ந்தவர்கள் சிமிட்டவே பயப்படுவார்கள். இந்த ஏரியாவில் அதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. உடன்பிறந்தவனின் வேட்டியைக் கட்டிக்கொள்வது போலத்தான் அதுவும்.

ஜாடைக்கு ஆளே இல்லாவிட்டால், "நீயே பாத்து நல்லதா ஒரு கண்ணு வெச்சி உடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் கையில் அதற்கென்று ஒரு கண் தயாராக இருந்தது. நான் யோசிக்கவே வேண்டாம். தூரிகையை வைத்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. நம் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்?

கடையின் மேலே ஒரு பரண். அங்கேதான் உட்கார்ந்து வரைவேன். கீழே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று நகரும்போது பரண் நடுங்கும். அந்த நேரத்தில் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வீட்டில் வைத்து வரைந்திருக்கலாம். அம்மா விடவில்லை.

"செத்தவங்க படத்த எத்துனு வூட்டுக்குள்ள வராத. நம்ம வூட்டுல வெளக்கு எரியுது."

அவள் சொல்வது சாமி விளக்கை அல்ல. அப்பாவுக்கு ஏற்றுகிற விளக்கை. சொந்த வீட்டுச் செத்தவருக்கே படம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் வந்து உட்காரக் கூடாது என்பது அவள் கணக்கு. என் கல்லூரிப் பாடங்களையும் அவள் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். சோப்பு டப்பாவுக்கு லேபிள், எழுத்து வடிவம், போஸ்டர், அதெல்லாம் அவளுக்குக் காகிதக் குப்பை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தவர். எனக்கு ஆறு வயதாகும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அப்போது எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் குடிசை வீடு. அடுத்த கோடையில் தெருவே எரிந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கல்யாண போட்டோ உள்ளேயே எரிந்துபோனது. அப்பாவின் படம் என்று அது ஒன்றுதான் இருந்தது. அப்புறம் தண்டையார்பேட்டையிலேயே மாடி வீடு ஒன்று கிடைத்தது, ஒரே அறை. அம்மா ஒரு கிடங்கில் கோணி தைக்கப் போனாள். கிழிந்த சாக்குகளைத் தைத்துத் தைத்து அவள் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. கண்ணும் எரியும். வீட்டுக்கு வந்தால் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பாள்.

அமாவாசைக்குப் படையல் போடுவாள். எல்லா வீட்டிலும் படத்துக்கு முன்னால் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, அதற்குப் பொட்டு வைத்து, அதற்கு முன்னால் போடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. மாடியில் உள்ள மற்ற வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "படம் இல்லியா?" என்று கேட்பார்கள். தெரிந்தே கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அம்மா வடையைத் திருப்பிப் போடுவாள்.

ஊரில் உள்ள செத்தவர்களை எல்லாம் எழுப்பிவிடுகிறவள் சொந்த அப்பாவை எழுப்ப மாட்டாளா என்றுதான் நான் ஆரம்பித்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவேன். அதுதான் என் சொந்த வேலை; கல்லூரிப் பாடமும் கடைப் படமும் யாரோ சொல்லிச் செய்தவை. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல வரைவேன். சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து மூக்கும் தாடையும் எடுத்தேன். "காது உன் காதுதான்" என்றாள் அம்மா, கண்ணாடியில் பார்த்து அதையும் போட்டேன். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"மூக்கு சரியா கீது. வாயும் அவரு வாயிதான். ஆனா இது அவரு இல்ல."

"எதும்மா தப்பு?"

"கண்ணு. பெரிய கண்ணுடி அவருக்கு. ஷோக்கா இருக்கும்."

பெரிதாகப் போடுவேன். இல்லை என்பாள். இன்னும் பெரிதாக, இன்னும் பளிச்சென்று போடுவேன். அப்பா மெல்ல மெல்ல நாடகத்து ராஜா மாதிரி ஆகிக்கொண்டே போனார். எனக்கு எரிச்சல் வரும், தாளைக் கசக்கி எறிவேன், அவள் அதைப் பிரித்து நீவி அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பாள். ஒரு நாள் அப்படி நீவிக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எனக்கே அவரு மூஞ்சி கலைஞ்சிகினே போவுதுடி. இப்போதிக்கு இது அவரு இல்லன்னு சொல்ல முடியுது. இன்னும் கொஞ்ச நாள் போனா நீ எத்த காட்டினாலும் ஆமான்னுடுவேன். ஜல்தி போடு."

அப்பா இருந்தார் என்பதற்கு மிச்சம் இருந்ததே அம்மாவின் 'இல்லை' மட்டும்தான். அதுவும் போவதற்குள் நான் அவரை வரைந்தாக வேண்டும். ஆனால் அதற்குத்தான் நேரமே கிடைக்கவில்லை. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டிய பாடம் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். பாடம் இல்லாவிட்டால் யாராவது செத்திருப்பார்கள். கல்லூரியில் கெஞ்சி இரண்டு நாள் தள்ளிப் போடலாம். செத்தவர்களிடம் கெஞ்ச முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாலையோடு நின்றாக வேண்டும். யாரோ ஒருவர் இறந்தார் என்று கேட்டால் துக்கம் வராமல், 'இந்த வாரமா சாக வேண்டும்?' என்று கோபம் வருகிற அளவுக்கு நான் ஆகியிருந்தேன். கரிப்பொடி நகக் கண்ணில் ஏறி, சோறு பிசைந்தாலும் போகாது. கல்லூரியில் என் சார்ட்டுகளின் ஓரமெல்லாம் கறுப்புக் கைரேகை இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் அப்படி ஒரு நெருக்கடியான வாரத்தில்தான் காசிமேட்டிலிருந்து ஒரு படம் வந்தது. விசைப்படகில் போகிறவர். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். சின்ன வயது. வழக்கம் போல நாற்காலி, துணி, பஞ்சு, காசு. அவர் மனைவியே கொண்டுவந்தாள், கூட மகள். நான் ஜாடை கேட்டேன். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போயிருக்கிறார்கள், வர நாளாகும். மகளோ அம்மாவை உரித்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, காரியம் வெள்ளிக்கெழம. அதுக்குள்ள ஆள எழுப்பி உட்ரு."

எனக்கு வியாழக்கிழமை கல்லூரியில் சமர்ப்பிக்க வேண்டியது பாதிகூட முடியவில்லை. மடமடவென்று போட்டேன். கண் வைக்க வேண்டிய இடத்தில் என் கை தன் கண்ணை வைத்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் வந்து, சுற்றியிருந்த செய்தித்தாளை அங்கேயே பிரித்து, கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, அவளைச் சுற்றி இறங்கிப் போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பெண் பிறகு கோணிக் கிடங்குக்கே வேலைக்கு வந்தாள். மீன் கூடை தூக்க இடுப்பு ஒத்துவரவில்லையாம். அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. இரண்டு பேரும் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டு அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள். அவள் கொடுத்தனுப்புகிற கருவாட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும். அம்மாவின் பேச்சில் பாதி அவளைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய பாடம் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு இடத்து மனிதர்களைப் புத்தகத்துக்கான படங்களாக வரைய வேண்டும். நான் துறைமுகத்தை எடுத்துக்கொண்டேன். மீன் ஏலம் போடுகிறவர், லாரி டிரைவர், போலீஸ்காரர், டீக்கடைக்காரர், ஐஸ் உடைக்கிறவர். கல்லூரியிலேயே உட்கார்ந்து, கற்பனையில் வரைந்து, சுவரில் வரிசையாக ஒட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குக் கர்வமும் இருந்தது. சார் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நடந்தார்.

"ஏம்மா, ஏலக்காரர், டிரைவர், போலீஸ்காரர், எல்லாரும் ஒரு வயித்துப் பிள்ளைங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முகங்களின் கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டே போனார். அப்போது தெரிந்தது. எல்லாரும் ஒரே கண்ணால் என்னைப் பார்த்தார்கள். சின்னக் கண். வெளிக்கோடி கீழே இறங்கியது. இடது இமை மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது.

"நீ யாரையும் பார்க்கல. உன் கையில ஒரு அச்சு இருக்கு, அதையே வெச்சு வெச்சு எடுக்கற. இல்லஸ்ட்ரேட்டருக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது. இதை விடு. போய் ஆளுங்க கண்ணைப் பாரு."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் வகுப்புக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றது என்னவோ நான். பிணத்துக்கு வரைந்து வரைந்து என் கை பிணமாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கண்ணின் மேல் எனக்கு வெறுப்பே வந்தது. டோல்கேட்டிலிருந்து பாரிமுனை போகிற பஸ்ஸில் கம்பியில் சாய்ந்தபடி எதிரில் இருந்தவர்களின் கண்களை மட்டும் வரைந்துகொண்டே போனேன். ஒருத்தர் கண் போல இன்னொருத்தர் கண் இல்லை. சிலர் முறைத்தார்கள். ஒரு அம்மா, "இன்னாத்துக்குடி என்னைய எழுதற?" என்று சண்டைக்கு வந்தாள். கடையிலும் ஜாடைக்கு ஆள் இல்லாத படங்களை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கை பழைய வழிக்குப் போனால் அந்தத் தாளையே கிழித்துப் போட்டேன். துறைமுகத்துப் படங்களை எல்லாம் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அடுத்த ஆண்டு வருவதற்குள் நோய் குணமாகிவிட்டது. சார் என் படங்களைக் கண்காட்சியில் நடுச் சுவரில் மாட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு நாள் கூலி போகும் என்று அவள் வரவில்லை.

கடைசி ஆண்டில் அந்தக் காசிமேட்டுப் பெண்ணின் மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு அம்மா போனாள். நான் போகவில்லை, எனக்கு மறுநாள் பாடம் இருந்தது, வேறென்ன. சாயங்காலம் அம்மா திரும்பி வந்தாள். புடவையைக்கூட மாற்றவில்லை. கையில் வைத்திருந்த தாம்பூலப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து பக்கத்தில் போனேன்.

"அவ வூட்டுக்காரரு படம் மாட்டிகீது. அது நீ போட்டதா?"

ஆமாம் என்றேன். இரண்டாம் ஆண்டில் போட்டது என்றேன்.

"அந்தக் கண்ண யாரப் பாத்துப் போட்ட?"

"யாரையும் பார்க்கலம்மா. ஜாடைக்கு ஆள் இல்ல. அதுவா வந்தது."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது, சத்தமே இல்லை. தலைப்பை எடுக்காமலே சொன்னாள்.

"உங்கப்பாதான்டி அது. நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து, தூங்காம, உன்ன மடில போட்டுகினு உக்காந்துகினு இருப்பாரு. அந்தக் கண்ணு. ஒரு பக்கம் இமை எறங்கி. சின்னக் கண்ணுதான் அவருக்கு. பெருசு பெருசுன்னு நான்தான் சொல்லிகினு இருந்திருக்கேன், பேஜாரு புடிச்சவ."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கிடைத்துவிட்டார், கிடைத்துவிட்டார் என்று குதிக்காத குறை. உடனே தாளை எடுத்து உட்கார்ந்தேன். மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது, கண்ணை வைக்க வேண்டியதுதான் பாக்கி. பென்சிலை வைத்தேன். பஸ்ஸில் பார்த்த ஒரு கண்டக்டரின் கண் வந்தது. அடுத்த தாளில் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையனுடையது. இமையை வேண்டுமென்றே தாழ்த்திப் பார்த்தேன், கோடியை இறக்கிப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாக இருந்தது, அப்பா வரவில்லை. அம்மா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க வரைந்தேன். ஒன்றும் தானாக வரவில்லை. என் கை நன்றாகப் படித்துத் தேறியிருந்தது.

கல்லூரியில் கிழித்த படங்களை எண்ணிப் பார்த்தேன். எத்தனை அப்பாவைக் கிழித்திருப்பேன். கடைக்காரரிடம் போய், ஜாடை இல்லாமல் போட்ட பழைய படங்கள் யார் யார் வீட்டுக்குப் போயின என்று கேட்டேன். "செத்தவன் அட்ரஸ யாரு பாப்பா எழுதி வெக்கிறா?" என்றார். எண்ணூர் வரைக்கும், எம்.கே.பி. நகர் வரைக்கும், எங்கெங்கேயோ சுவர்களில் மாலை போட்டுக்கொண்டு அவர் இருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த சுவர் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் காசிமேட்டுக்குப் போனோம். படத்தைப் பார்த்து அப்படியே வரைந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். கேட்டால் கல்லூரிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அம்மா வழியெல்லாம் வேறு மாதிரி பேசிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், அவள் தங்கமானவள், படத்தையே கொஞ்ச நாள் கொடுத்து வைப்பாள், அமாவாசைக்கு நம் வீட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாள். கையில் ஒரு முழம் சாமந்தி வைத்திருந்தாள்.

சின்ன வீடு. வாசலில் வலைக் குவியல். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் படம். கடைக்காரர் புண்ணியத்தில் கோட்டு போட்டிருந்தார். நான் பரணில் உட்கார்ந்து அவசரத்தில் போட்டது, ஆனால் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல் இருந்தது. தூங்காத கண். என்னைப் பார்ப்பதற்காகவே தூக்கத்தை அடக்கிக்கொண்டிருக்கிற கண். அம்மா கிட்டே போய் நின்று, கையைத் தூக்கி, படத்தின் மூக்கையும் வாயையும் உள்ளங்கையால் மறைத்தாள். அப்படியே நின்றாள்.

அடுப்படியிலிருந்து அந்தப் பெண் டீயோடு வந்தாள். அம்மா சட்டென்று கையை எடுத்து, கண்ணாடியைத் துடைப்பது போல் தலைப்பால் தேய்த்தாள்.

"தொடைக்காத யக்கா, காலைலதான் தொடைச்சேன்" என்று சிரித்தாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பாகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல நானு" என்றாள். "உனுக்கு எவ்ளோ சொன்னாலும் தகாது. அவரு மூஞ்சி எனக்கு மறந்தே போச்சு, தெரியுமா? நாக்காலில உக்கார வெச்ச மூஞ்சிதான் எப்பவும் முன்னாடி வரும். கண்ண மூடினா பயம். நீ இத்தப் போட்டுக் குடுத்த அப்பாலதான் அவரு வூட்டுக்கு வந்தாரு. அப்டியே அவரு கண்ணு. மெய்யாலுமே சொல்றேன், அணு பெசகல. நான் எத்த மறைச்சாலும் கண்டுபுடிச்சிடுவாரு, அந்தப் பார்வைதான். பொண்ணு பரீட்சைக்குப் போவச் சொல்லோ இவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா சாமந்தியைப் படத்தின் ஆணியில் சுற்றினாள். ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது, சரிப்படுத்தினாள்.

"நல்லா கீறாரு" என்றாள்.

"இவ்ளோ ஷோக்கா போடுற பொண்ண வெச்சிக்கினு, உன் வூட்டுல சொம்புக்குப் பொட்டு வெக்கிறியே யக்கா. உங்க வூட்டுக்காரர ஒண்ணு போடச் சொல்லக் கூடாதா?"

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"அவ அப்போ கொழந்த. அவளுக்கு அவரு மூஞ்சி ஞாபகம் இல்ல."

அந்தப் பெண் ஐயோ பாவம் என்று என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் எடுத்து வைத்திருந்த பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.